இடப்பக்கத்துச் சீட்

அத்தியாயம் 17

அமெரிக்காக்காரன் கொடுத்த காசில் வாங்கிய அமெரிக்கக் கார், அமெரிக்காக்காரன் ஆர்டரை நிறுத்தியதால் விலைக்கு வந்தது. தண்டாயுதபாணியின் கம்பெனி வரலாற்றை இதைவிடச் சுருக்கமாக யாராலும் எழுத முடியாது.

அருள்புரத்தில் அவருடைய பனியன் கம்பெனியில் பாதித் தையல் மெஷின்கள் உறை போட்டுக்கொண்டு தூங்குகின்றன. மகன் குகனின் மஸ்டாங்கை விற்றால்தான் மீதி மெஷின்களும் தூங்காமல் இருக்கும் என்று போன வாரம் அவர் முடிவெடுத்தார். குகன் சாப்பிடாமல் முறைத்துக்கொண்டு திரிந்தான். வாங்கும்போது வீட்டில் ஒருத்தரையும் கேட்காதவன், விற்கும்போது மட்டும் எல்லாரும் கூட உட்கார்ந்து அழவேண்டும் என்று எதிர்பார்த்தான்.

புதன்கிழமை காலை காரைப் பார்க்க ஆள் வந்துவிட்டார். கோயம்புத்தூர் லிங்கசாமி. மில்களுக்கு உதிரி பாகம் விற்கிறவர், இளவயசில் கார் ரேஸ் ஓட்டியவர். வணக்கம் சொன்ன கையை நேராகக் கொண்டுபோய் பானட்டின் மேல் வைத்தார்.

"சூடு பண்ணி வெக்கலீங்களே தம்பி?"

"இல்லீங்க. நேத்திருந்து எடுக்கவே இல்லீங்க," என்றான் குகன்.

"நல்லது. சூடு பண்ணி வெச்சா எந்த வண்டியும் நல்லாத்தான் ஸ்டார்ட் ஆகும்."

குகன் பட்டனை அமுக்கினான். செக்கிங் ஹாலில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் ஜன்னல் பக்கம் திரும்பினார்கள். லிங்கசாமி கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கேட்டார். புகைக்குழாய்க்குப் பின்னால் குனிந்து மோந்து பார்த்தார்.

"எட்டு சிலிண்டரும் ஒழுங்காப் பேசுதுங்க. லிட்டருக்கு எவ்வளவு குடுக்குது?"

"ஊருக்குள்ள நாலு, அஞ்சுங்க."

"அது வண்டியோட குத்தமில்ல. அஞ்சு லிட்டர் இஞ்சினக் கட்டித் தீனி போடறதுன்னா அப்படித்தான்." தரையில் துண்டை விரித்துப் படுத்து டார்ச் அடித்தார். "பல்லடம் ரோட்டு ஸ்பீட் பிரேக்கர் எல்லாம் அடியில கையெழுத்துப் போட்டிருக்குது. இந்த மாடல் இப்ப இங்க விக்கறதில்லீங்க. ஒரு கிளிப்பு ஒடைஞ்சாலும் கடல் தாண்டி வரோணும். அதையும் கழிச்சுத்தான் வெல பேசுவேன்."

"நாப்பத்தெட்டு லட்சத்துக்குக் கீழ எறங்க மாட்டனுங்க," என்றார் தண்டாயுதபாணி.

லிங்கசாமி எழுந்து துண்டை உதறினார். பையிலிருந்து தீப்பெட்டி அளவுக்கு ஒரு மீட்டரை எடுத்தார். பெயின்ட் எவ்வளவு தடிமன் என்று காட்டுகிற மீட்டர். வலப்பக்கம் எங்கே வைத்தாலும் நூற்றுப் பத்து, நூற்றிருபது என்று காட்டியது. இடப்பக்கக் கதவில் வைத்தார். முந்நூற்றைத் தாண்டியது.

"அதுங்களா... கம்பெனி கேட்டுல உரசிருச்சுங்க. டச் அப் பண்ணினோம்," என்றான் குகன்.

தண்டாயுதபாணிக்கு அப்போது பார்த்துப் போனில் அவசரமாக ஏதோ படிக்க வேண்டியிருந்தது.

"மூணு டயரு ஒரே வருஷத்துது. இடது முன் டயரு மட்டும் எளசு."

"பஞ்சர் ஆயிருச்சுங்க."

"எல்லாக் கெட்ட நேரமும் ஒரே பக்கமாப் பாத்து வந்திருக்குது போல," என்று லிங்கசாமி மீட்டரைப் பைக்குள் போட்டார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் பேரம் கை நழுவுகிறது என்று தண்டாயுதபாணிக்குப் புரிந்தது. வியாபாரத்தில் அவருக்கு ஒரு கடைசி ஆயுதம் உண்டு. அதைக் கூப்பிட்டார்.

"பாரதி! இங்க வா கண்ணு."

ஜெயபாரதி ஹாலிலிருந்து வந்தாள். தண்டாயுதபாணியின் மூத்த மகள். இங்கே ஃபைனல் செக்கிங் அவள் பொறுப்பு. கையில் இன்ச் டேப், கழுத்தில் கண்ணாடி. சோமனூர் முருகவேலுக்கு வாழ்க்கைப்பட்டவள்.

"இவ பாஸ் பண்ணாம எங்க கேட்டத் தாண்டி ஒரு பனியன் போனதில்லீங்க. வெள்ளக்காரனே இவ கையெழுத்தப் பாத்தாப் பொட்டியப் பிரிக்க மாட்டான். இவகிட்டக் கேளுங்க, நம்ம வண்டி சுத்தமா இல்லியான்னு."

காரைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்? கம்பெனி வேனை ஓட்டத் தெரியும், அதற்குமேல் ஒன்றும் தெரியாது என்பதால்தான் கூப்பிட்டார். அப்பா வண்டி சுத்தம் என்றால் மகளும் சுத்தம் என்பாள். கொஞ்ச காலமாக அவள் எதிர்த்து ஒரு வார்த்தை பேசுவதில்லை.

அது ஏன் என்று இந்தத் தொடரை இன்றைக்குத்தான் கையில் எடுப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். முந்தின வருஷம் தைப்பூசத்துக்கு முதல் நாள் புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை. "எங்கப்பா வெச்சுக் குடுத்த தையல் யூனிட்ல உக்காந்துக்கிட்டு எங்கிட்டயே வீராப்பு பேசாதீங்க" என்று ஜெயபாரதி சொல்லிவிட்டாள். முருகவேல் பைக்கை எடுத்துக்கொண்டு போனான். ராத்திரி ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. பைக்கோடு விழுந்துவிட்டான், இடுப்பு எலும்பு நொறுங்கிவிட்டது. இன்றைக்கும் ஊன்றுகோல் இல்லாமல் நிற்க முடியாது. அன்றிலிருந்து மாமியார் மருதம்மாள் சோறு போடும்போதெல்லாம் சொல்கிற வாசகம் ஒன்றுதான்: "உன்ற வாயி எம்பையன் கால முழுங்கிருச்சு." ஜெயபாரதி அதை நம்பினாள். மாமியாரைவிட அதிகமாக நம்பினாள். வாயைக் கட்டிக்கொண்டாள்.

"நீ வா கண்ணு, ஒரு ரவுண்டு போலாம்," என்றார் லிங்கசாமி. "விக்கறவன் பக்கத்துல உக்காந்தா கதை சொல்லிக்கிட்டே வருவான். வண்டி சத்தம் எனக்குக் கேக்காது."

"அக்காவுக்குக் காருன்னா தலை சுத்துமுங்க," என்று குகன் அவசரமாகக் குறுக்கே வந்தான்.

"எனக்கா?"

அவளுக்கே அது புதுச் செய்தி. அப்போதுதான் நினைத்துப் பார்த்தாள். கம்பெனியில் கொண்டுவந்து நிறுத்திய நாளிலிருந்து பார்க்கிற இந்தக் காரில் கொஞ்ச காலமாக அவளை ஏற்றியதே இல்லை. சீட் அழுக்காகும், ஏசி ரிப்பேர், இடம் இல்லை. ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் இருந்தது.

இடப்பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தாள்.

பல்லடம் தாண்டும்வரை லிங்கசாமி மெதுவாகவே ஓட்டினார். பள்ளத்தில் வேண்டுமென்றே இறக்கினார், காதைக் கொடுத்துக் கேட்டார், திருப்பத்தில் ஸ்டியரிங்கை லேசாக விட்டுப் பிடித்தார். வண்டி நன்றாகவே இருக்கிறது என்பது அவர் முகத்தில் தெரிந்தது. ரோடு காலியான இடம் வந்ததும், "கெட்டியாப் புடிச்சுக்க கண்ணு," என்று மிதித்தார்.

யாரோ நெஞ்சில் கை வைத்துத் தள்ளியதுபோல் இருந்தது. தலை பின்னால் சாய்ந்து சீட்டில் ஒட்டிக்கொண்டது. கண் கூரையைப் பார்த்தது.

சாம்பல் நிறத் துணி ஒட்டிய கூரை. இடது ஜன்னலுக்கு மேலே, ஓரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்டம். நடுவில் பழுப்பு மஞ்சள், விளிம்பில் அழுத்தமான கோடு.

மற்றவர்கள் அதைப் பார்த்தால் ஈரம் பட்ட இடம் என்று விட்டுவிடுவார்கள். ஜெயபாரதி வாழ்க்கையில் பார்த்தது முழுக்கத் துணியும் கறையும்தான். செக்கிங் ஹாலில் ஒரு கன் இருக்கும். மெஷின் ஆயில் பட்ட பனியன் மேல் அதை வைத்து மருந்தைப் பீய்ச்சினால் கறை பறந்துவிடும். புதிதாக வேலைக்கு வருகிற பெண்களுக்கு அவள் முதல் நாளே சொல்லிக் கொடுப்பது ஒன்று உண்டு. ஊசி குத்தி ரத்தம் பட்டால் மட்டும் கன்னைத் தொடாதே. பச்சைத் தண்ணீரை வை, இல்லாவிட்டால் உன் எச்சிலை வை. ரத்தத்தின் மேல் கன் அடித்தால் கறை போகாது, இப்படி வட்டம் கட்டி நின்றுவிடும்.

யாரோ ரத்தத்துக்குக் கன் அடித்திருக்கிறார்கள். அவள் ஹாலின் கன்னை.

அவள் கை தானாக பெல்ட்டின் அடியைத் தடவியது. லேபிள் தட்டுப்பட்டால் படிக்காமல் விடுகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. கார் வந்த வருஷம் அவளுக்குத் தெரியும். பெல்ட்டில் இருந்தது வேறு வருஷம். முருகவேலின் இடுப்பு நொறுங்கிய வருஷம்.

அவனுக்கு இடது புருவத்துக்கு மேலே தையல் போட்ட தழும்பு உண்டு. நொறுங்கியதும் இடது இடுப்பு. பைக்கை அவள் கடைசிவரை பார்க்கவே இல்லை. சல்லி சல்லியாகிவிட்டது, காயலான் கடைக்குப் போட்டாச்சு என்று அப்பாதான் சொன்னார்.

"நிறுத்தட்டுமா கண்ணு? மொகமெல்லாம் வெளுத்துப் போச்சு," என்றார் லிங்கசாமி.

"இல்லீங்க. ஓட்டுங்க. இன்னம் பிரேக் பாக்கலீங்களே."

அவர் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு பிரேக்கை அழுத்தினார். புது பெல்ட் அவளை இறுக்கிப் பிடித்தது. நல்ல சாமானாகத்தான் போட்டிருந்தார்கள்.

கம்பெனி வாசலில் அப்பாவும் தம்பியும் நின்ற இடத்திலேயே நின்றார்கள். லிங்கசாமி இறங்கிக் கதவைச் சாத்தினார்.

"ஓட்டத்துல ஒரு குத்தமும் சொல்ல முடியாதுங்க. ஆனா எனக்கு ஒரு வார்த்த வேணும். பாப்பா சொல்லட்டும். இது அடிபட்ட வண்டியா, இல்லியா?"

"சொல்லு கண்ணு," என்றார் தண்டாயுதபாணி. குரலில் தேன் ஒழுகியது. கண் மட்டும் கெஞ்சியது.

"நீங்க செகண்ட் ஹேண்ட் வண்டி பாக்க வந்தீங்க," என்றாள் ஜெயபாரதி. "இது செகண்ட் ஹேண்ட் இல்லீங்க. செகண்ட்ஸ்."

திருப்பூரில் அந்தச் சொல்லுக்கு விளக்கம் தேவையில்லை. பழசு என்றால் செகண்ட் ஹேண்ட். குறையை மறைத்து நல்லதோடு கலந்து கட்டினால் அதுதான் செகண்ட்ஸ். கோயம்புத்தூர்க்காரருக்கும் அது புரிந்தது.

"அக்கா, உனக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சா?" என்று கத்தினான் குகன்.

லிங்கசாமி கோபப்படவில்லை. "நாப்பதுன்னா எடுத்துக்கறேன். ஓடற வண்டிதான். ஆனா அடிபட்டதுன்னு சொல்லிக் குடுக்கோணும். என்னன்னு இந்தப் புள்ளகிட்டயே போன்ல கேட்டுக்கறனுங்க." அவள் நம்பரை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

ஆபீஸ் ரூமில் அம்மா சித்ராதேவி டிபன் கேரியரைப் பிரித்துக்கொண்டிருந்தாள். மூன்று பேரும் உள்ளே வந்த விதத்தைப் பார்த்து மூடியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"எட்டு லட்சம் போச்சு," என்றார் தண்டாயுதபாணி. "ஒரு வார்த்தையில எட்டு லட்சம்."

"கூரைக்குக் கன் அடிச்சது யாருங்க?" என்று கேட்டாள் ஜெயபாரதி.

அவள் தம்பியைப் பார்த்தாள். அவன் அப்பாவைப் பார்த்தான். அப்பா சுவரில் இருந்த முருகனைப் பார்த்தார்.

"நாந்தான்," என்றாள் சித்ராதேவி. "ஞாயித்துக்கெழம ஆரும் இல்லாதப்ப அடிச்சேன். வேலைக்காரங்கள விட்டாத் தெரிஞ்சு போயிரும்னு உங்கப்பா சொன்னாரு. ரத்தத்துக்குக் கன் அடிக்கக் கூடாதுன்னு எனக்கென்னடி தெரியும்?"

முதலாளி வீட்டம்மா. செக்கிங் டேபிள் பக்கம் ஒரு நாளும் நின்றதில்லை. மகளின் புருஷன் ரத்தத்தைத் துடைத்த கை அம்மாவுடையது என்பது ஜெயபாரதிக்கு ஏற்கவே முடியாமல் இருந்தது. பெற்றவள் அந்தக் கையோடு வீட்டுக்கு வந்து, "வாயக் கொறைச்சுக்க கண்ணு" என்று மகளுக்கே புத்தியும் சொல்லியிருக்கிறாள்.

"மாமா சோமனூரு பேக்கரில தனியா உக்காந்திருந்தாருக்கா," என்று குகன் முனகினான். "மூஞ்சியே சரியில்ல. ஏறுங்க மாமா, ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்னு கூப்புட்டேன். நான் கொஞ்சம் குடிச்சிருந்தேன். புளியமரம்... வேணும்னேவா இடிச்சேன்? பைக்குன்னு சொல்லிக்கலாம்னு மாமாவே ஒத்துக்கிட்டாரு."

"அதுக்கடுத்த வாரம் இவனுக்கு ஈரோட்டுல நிச்சயம் வெச்சிருந்தோம்," என்றார் தண்டாயுதபாணி. "மாப்பிள்ள குடிச்சுட்டு இடிச்சான்னு தெரிஞ்சா ஆரு பொண்ணு குடுப்பா? உன்ற ஊட்டுக்காரருக்கு ஆஸ்பத்திரி பாத்தேன். யூனிட்டுக்கு மேக்கொண்டு மெஷின் எறக்கிக் குடுத்தேன். என்ன கொறை வெச்சேன்?"

"என்னைய என்னன்னு சொன்னாங்கன்னு உங்களுக்குத் தெரியுமில்லீங்க?"

"பொம்பள ஒரு வார்த்த பேசினா, ஆம்பள கோவிச்சுட்டுப் போனான். இதெல்லாம் ஊரு நாலு நாள் பேசும், மறந்துரும்."

"ஊரு மறந்துருச்சுங்க," என்றாள் ஜெயபாரதி. "நான் மறக்கலீங்க. தெனமும் சாமி கும்புடறப்ப என்ற நாக்க அறுத்துப் போடுன்னு கும்புட்டனுங்க."

மேசை மேல் கிடந்த கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு நடந்தாள். குகன் பின்னாலேயே ஓடிவந்தான். வண்டிக்கு என்ன ஆகுமோ என்றுதான் அவன் கத்தினானே தவிர, அக்காவுக்கு என்ன ஆகும் என்று கேட்கவில்லை.

சோமனூரில் அவர்கள் வீட்டை ஒட்டியே முருகவேலின் தையல் யூனிட். அக்கம்பக்கத்து விசைத்தறிச் சத்தத்தையும் மீறி அந்த இஞ்சின் உள்ளே கேட்டிருக்க வேண்டும். கார் நிற்பதற்குள் அவன் ஊன்றுகோலோடு வாசலுக்கு வந்துவிட்டான். ஓட்டுகிற பக்கத்திலிருந்து மனைவி இறங்குவதைப் பார்த்தான். அவன் கை மெல்ல எழும்பி இடது புருவத்தைத் தொட்டது.

அவள் ஒன்றும் கேட்கவேண்டியிருக்கவில்லை. இருந்தாலும் சுற்றி வந்து இடப்பக்கக் கதவைத் திறந்துவிட்டாள்.

"உக்காருங்க. உங்க எடந்தானுங்க."

"பாரதி... எனக்கு வேற வழி தெரியல. யூனிட்டு உங்கப்பாவோடது. அவரப் பகைச்சுக்கிட்டு இந்தக் காலோட நான் எங்க போறது?"

"சரீங்க. பொழப்புக்காக ஒத்துக்கிட்டீங்க, அது கூட எனக்குப் புரியுது. எங்கிட்ட மட்டும் சொல்லியிருக்கலாமில்ல? ராத்திரி உங்க காலப் புடிச்சு எண்ணெய் தேச்சுக்கிட்டே நான் அழுவனே, அப்பவாச்சும் ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்லீங்க?"

முருகவேல் ஊன்றுகோலை மறு கைக்கு மாற்றினான். அவன் நல்லவன்தான். நல்லவனாக இருப்பதற்கு அவன் ஒரு நாளும் செலவு செய்ததில்லை, அவ்வளவுதான்.

சத்தம் கேட்டு மருதம்மாள் வெளியே வந்தாள். ஜெயபாரதி அவள் எதிரே போய் நின்றாள். இத்தனை நாள் குனிந்து சாப்பிட்ட சோற்றுக்கெல்லாம் இப்போது நிமிர்ந்து பதில் சொல்லலாம். மாமியார் ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, "தெரியாமப் போச்சு கண்ணு" என்று சொன்னால் போதும், மீதியை மன்னித்துவிடலாம் என்றே தோன்றியது.

"அத்தை, உங்க பையன் பைக்குல விழுகலீங்க. எந்தம்பி இந்தக் காருல கூட்டிட்டுப் போயி புளியமரத்துல இடிச்சிருக்கான். எவ்வாயி ஒண்ணும் பண்ணலீங்க அத்தை."

மருதம்மாள் காரைப் பார்த்தாள். மகனைப் பார்த்தாள். முந்தானையை எடுத்துச் செருகிக்கொண்டாள்.

"தெரியும்," என்றாள்.

"என்னங்க?"

"மயக்கம் தெளிஞ்சதும் மொதல்ல எங்கிட்டத்தான் சொன்னான்."

"அப்பறம் ஏனுங்க அத்தை என்னையத் திட்டுனீங்க?"

"பெத்த வயிறு எரிஞ்சுது. ஆரையாச்சும் திட்டாம எனக்குச் சோறு எறங்கல. உங்கப்பனத் திட்டுனா மெஷினத் தூக்கிட்டுப் போயிருவான். உந்தம்பியத் திட்டுனா விசயம் வெளிய வந்துரும். நீ ஒருத்திதான் திட்டுனாலும் ஊட்டுலயே இருந்தே."

அவள் குரலில் வெட்கமில்லை, கோபமும் இல்லை. அன்றைக்கு என்ன குழம்பு என்று சொல்வதைப் போலவே சொன்னாள். "சரி சரி, வெயில்ல நிக்காத. உள்ள வந்து சாப்புடு," என்றும் சேர்த்துக்கொண்டாள்.

அப்பா, அம்மா, தம்பி, புருஷன், மாமியார். இரண்டு வீட்டிலும் தெரியாதவள் அவள் ஒருத்தி. பிறந்த வீடு, புகுந்த வீடு என்று இத்தனை நாள் அவள் சொல்லிக்கொண்ட இரண்டு இடத்திலும் அவளை வெளியே நிறுத்தித்தான் எல்லாரும் உள்ளே பேசியிருக்கிறார்கள்.

போன் அடித்தது. லிங்கசாமி.

"என்ன கண்ணு, அப்பாகிட்டப் பேசுனீங்களா?"

"பேசிட்டனுங்க. வண்டிய நானே கொண்டாரனுங்க. கோயமுத்தூருல எந்தப் பக்கம் வரோணும்?"

"அப்பாவும் வர்றாருங்களா?"

"இல்லீங்க. நான் மட்டுந்தான்."

காரில் ஏறி, திறந்து கிடந்த இடப்பக்கக் கதவை எட்டி இழுத்துச் சாத்தினாள். வண்டி யார் பேரில் இருக்கிறது, கையெழுத்துக்கு யாரிடம் போவது, எதுவும் அவள் யோசிக்கவில்லை. முருகவேல் ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு ஜன்னல் பக்கம் வந்து குனிந்தான்.

"எப்ப வருவே?"

ஜெயபாரதி கண்ணாடியை ஏற்றினாள்.